அசைந்துபோன படம்

வாவிக்கரையில் வெயில் தாழ்கிறது. கவிழ்த்துப் போட்ட தோணியில் அமர்ந்திருக்கும் அம்மாவிடம் ஜெனிற்றா கைபேசியை நீட்டுகிறாள். நிலாவைச் சுற்றும் ஒரு விண்கலம், தனக்குக் கீழே எதிர்த்திசையில் பாய்ந்துபோன இன்னொன்றை எடுத்த படம். சாம்பல் குழிகளின்மேல் ஒரு கீற்றுத்தான் தெரிகிறது. “கலம் எங்க, மகள்?” “இந்தக் கோடுதான் அம்மா. கடும் வேகத்தில போனதால இழுபட்டுத் தெரியுது.” அம்மா சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்க்கிறாள். சுனாமி கொண்டுபோன ஜெனிற்றாவின் தம்பி ஜெராட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே படமும் இப்படித்தான். மாதா கோயில் படியில் எல்லாரும் நிற்க, அவன் ஓடிய இடத்தில் வெள்ளைச் சட்டை மட்டும் கீற்றாக இழுபட்டிருக்கும். பழுதான படமென்று அது இன்றும் அலுமாரிக்குள் கிடக்கிறது. தண்ணீரில் ஒரு மீன் துள்ளி அடங்குகிறது. “அப்ப,” என்கிறாள் அம்மா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், “நம்மட ஜெராட்ட படமும் பழுதில்லைத்தானே?”