அரையே அரைக்கால்

“பாதி விலையா? இதைக் கேட்டா பால் கொடுத்த மாட்டுக்கே மடி வத்திப்போயிடும்ங்க!”

வெள்ளைக் கோட்டு மீசைக்காரர் முகத்தைச் சுளித்ததும் ஜவுளிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுளிக்கிற முகத்தோடு பேசிப் படியவைக்கலாம். சிரித்துக்கொண்டே தலையாட்டுகிற முகத்தோடுதான் ஒன்றும் செய்ய முடியாது.

படியவைத்தே ஆகவேண்டும். இந்தச் சீஸ் தொழிற்சாலை வாசலில் இறங்கிய கையோடு மனைவியிடம் பந்தயம் கட்டியிருந்தார்.

எல்லாம் மிருகக்காட்சி சாலையில் வந்த வினை. முந்தாநாள் அங்கே டிக்கெட் கொடுக்கிறவரிடம், “நாங்க சிங்கத்தைப் பார்க்கப் போறதில்லை, அதுக்குண்டானதைக் கழிச்சுக்கோங்க” என்று இவர் கால் மணி நேரம் வாதாட, பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. மனைவிக்கு மானம் போயிற்று. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாத குறைதான்.

இன்று, பார்க்க வருகிற எல்லாருக்கும் வாசலில் கொடுத்த வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி, சுவரில் இருந்த ‘ஒரே விலை’ பலகையை அவருக்குச் சுட்டிக்காட்டினாள்.

“எழுத்துக் கூட்டிப் படிங்க. இங்க ஒரு காசு குறைச்சு வாங்கிட்டீங்கன்னா, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பேரத்துக்கு நான் குறுக்கே வரமாட்டேன். முடியலைன்னா, இனிமே எந்தக் கடையிலயும் நீங்க வாயே திறக்கக் கூடாது.”

“வாயே திறக்கக் கூடாதா?”

“கொட்டாவிக்குத் திறந்துக்கலாம்.”

பயணத்தில் இன்னும் எட்டு ஊர் பாக்கி. ஊருக்கு ஒரு கடைத்தெரு. நினைத்தபோதே ஜவுளிக்காரருக்கு நாக்கு வறண்டது.

வழிகாட்டிப் பெண் கூட்டத்தைப் பால் தொட்டிகளின் பக்கம் ஓட்டிக்கொண்டு போனபோது, இவர் மட்டும் சீஸ் முதிர வைக்கும் குளிர் அறையில் பின்தங்கினார். மரத்தட்டுகளில் கூரை முட்ட மஞ்சள் நிறச் சீஸ் சக்கரங்கள். அங்கேதான் மீசைக்காரர் கண்ணில் பட்டார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாக நடந்தார் மனிதர். கோணலாக இருந்த ஒரு சக்கரத்தை நேராக்கினார். விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கல்லாவில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. ஜவுளிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? இவர்தான் முதலாளி என்று முடிவு கட்டி, நேரே போய்ப் பாதி விலைக்குக் கேட்டுவிட்டார்.

மாட்டுக்கு மடி வற்றியது அப்போதுதான்.

“சரி, மாட்டை விடுங்க. இது எத்தனை மாசச் சரக்கு?” என்றார் ஜவுளிக்காரர், ஒரு சின்னச் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து.

“மாசத்தையா சாப்பிடப் போறீங்க? சரக்கைப் பாருங்க சார். இந்த நிறம் வேற எங்க கிடைக்கும், சொல்லுங்க?”

“நிறம் கொஞ்சம் மங்கலா இருக்கே.”

“உங்க கண்ணாடியைத் தொடைச்சுட்டுப் பாருங்க. முக்கால் விலைன்னா எடுத்துக்கோங்க. பத்து நாளா போணியே ஆகலை, அந்த வயித்தெரிச்சல்லதான் இந்த விலைக்கே இறங்குறேன்.”

“உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பாதிக்கும் முக்காலுக்கும் நடுவுல, அரையே அரைக்கால்.”

“கட்டாது சார்.”

“அப்ப வேணாம்.”

ஜவுளிக்காரர் திரும்பி நடந்தார். நான்காவது அடிக்குள் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை. ஐந்தாவது அடியில், காலுறை கழன்றதுபோல் குனிந்தார்.

“அட, வாங்க சார்! கோவிச்சுக்கிட்டா எப்படி?” மீசைக்காரரின் குரலில் அப்படி ஒரு தித்திப்பு. “அரையே அரைக்கால். முடிஞ்சுது. கைநஷ்டத்துக்குக் கொடுக்கறேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

கை குலுக்கினார்கள். மீசைக்காரர் பிடித்த கையை விடவே இல்லை. கண்ணில் லேசாக ஈரம்கூடத் தெரிந்தது. நஷ்டப்பட்டவர் அழத்தான் செய்வார் என்று ஜவுளிக்காரர் பெருந்தன்மையோடு பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

புருஷனைக் காணாமல் தேடிக்கொண்டு வந்த மனைவிக்குச் சக்கரத்தைக் கைக்குழந்தைபோல் தூக்கிக் காட்டினார். “அரையே அரைக்கால் விலைக்கு! நம்பலைன்னா இவரையே கேளு.”

“உண்மைதாம்மா,” என்றார் மீசைக்காரர். “எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன். மனசு நிறைஞ்சுபோச்சு.”

அவள் பலகையை நினைத்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். “சரி, தோத்துட்டேன். இனிமே நீங்க எந்தக் கடையில வேணும்னாலும் பேசுங்க. நான் வாயைத் தைச்சுக்கறேன்.”

ஜவுளிக்காரர் மார்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

அப்போது அறை வாசலில் இடுப்பில் கைவைத்தபடி ஓர் அம்மாள் வந்து நின்றாள். இவர்கள் இருவரையும் தாண்டி, மீசைக்காரரை முறைத்தாள்.

“இங்கயும் கடையைத் திறந்துட்டீங்களா? தொழிற்சாலைக்காரங்க கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க, நம்ம டூர் பஸ் கிளம்பப்போகுது!”