சாயங்காலச் சண்டை

காலையில் ஒரே குடையில் கடைக்குப் போய்வரும் எதிர்வீட்டு மாமியாரும் மருமகளும், சாயங்காலமானால் கீரியும் பாம்புமாகச் சீறுவது ஏனென்று டீச்சருக்குப் புரியவே இல்லை. இன்று பஞ்சாயத்து பண்ணவே கிளம்பிவிட்டாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது, மாமியாரின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மருமகள் கத்தினாள். "ஃபேனை நிறுத்தவே மாட்டீங்களா அத்தை?"

"என் வீட்டு ஃபேன், நான் போடுவேன்!" என்று சீறியபடி மாமியார் அவள் தலையைக் கோதினாள்.

டீச்சர் திருதிருவென்று விழித்தாள்.

மாமியார் மடியிலிருந்த போனைக் கையால் மூடிக்கொண்டு கிசுகிசுத்தாள். "பையன் எல்லையில ராணுவத்துல இருக்கான். தினமும் சாயங்காலம்தான் போன் பண்ணுவான். நாங்க பதவிசா பேசினா, எதையோ மறைக்கிறோம்னு பயந்துடுறான். இந்தச் சத்தம் கேட்டாத்தான் அவனுக்கு நிம்மதி."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "உங்க வீட்டுச் சண்டையில எனக்கு டிவிகூடக் கேட்கலை தம்பி!"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "எதிர்வீட்டு அக்காவா? இன்னும் நாலு வார்த்தை திட்டுங்கக்கா!"