தார்ப்பாய்க்கு உள்ளே மழை

தார்ப்பாயில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆனாலும் ஆர்வோவின் படகுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது.

ரைலி ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே நீட்டினாள். தார்ப்பாயின் அடிப்பக்கம் முழுக்கத் துளிகள் கோத்திருந்தன. அவற்றில் ஒன்று கனத்து, சரியாக அவள் கழுத்துக்குள் இறங்கியது.

வெளியே மழை பெய்தே ஒரு வாரமாகிறது.

கோத்கா துறைமுகத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்னப் படகுச் சங்கத்தில், கடல் உறைவதற்குள் எல்லாப் படகுகளையும் கரையேற்றிவிடுவார்கள். இந்த வருடம் அந்தப் பொறுப்பு ரைலி தலையில். ஏற்றி, முட்டுக் கொடுத்து, மூடி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தாள்.

இந்த ஒரு படகுதான் பாக்கி. கூரையில்லாத பழைய மரப்படகு.

ஆர்வோவுக்கும் இது ஒன்றுதான் பாக்கி. கோடையில் விவாகரத்து முடிந்து, வீடும் கைமாறிவிட்டது. தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். இப்படியே ஈரத்தில் கிடந்தால் வசந்தத்துக்குள் படகின் விலாக்கட்டைகள் உளுத்துவிடும். அப்புறம் அவனுடையது என்று சொல்ல எதுவும் இருக்காது.

"ஒரு வாளி தண்ணி எடுத்து மேல ஊத்துப்பா."

ஊற்றினான். அத்தனையும் வழிந்து தரைக்குப் போனது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

தரையின் ஈரம் மேலேறுகிறதா? அடியில் பிளாஸ்டிக் விரிப்பு கிடந்தது. படகின் அடிவயிற்றில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? வடிதுளை திறந்தே இருந்தது, விரலை விட்டுப் பார்த்தால் தூசிதான் ஒட்டியது. பக்கத்துப் படகுக்கும் இதே கடைத் தார்ப்பாய், இதே இறுக்கம். அது உள்ளே சருகாகக் காய்ந்து கிடந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. வாளியின் விளிம்பில் மிச்சமிருந்த தண்ணீர் அதற்குள் உறைந்துவிட்டது. உள்ளே தொங்கும் துளிகள் உறையவில்லை.

"இத விட்டுத்தள்ளு ஆர்வோ. பக்கத்துப் பண்ணைக்காரரோட வைக்கோல் கொட்டகைல ஒரு இடம் இருக்கு. சும்மாவே தர்றாரு. மத்தியானம் டிரெய்லர் வருது, ஏத்தி விட்ரலாம்."

"வேண்டாம்."

"ஏன்?"

"மே மாசம் வரைக்கும் பூட்டிருவாங்க."

"பூட்டட்டுமே! பனிக்கட்டி மேல படகு விட்டுக்கிட்டு ஸ்வீடன் போகப்போறியா?"

ஆர்வோ தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விளக்கத் தொடங்கினால் ரைலிக்குக் களைப்பு மறந்துபோகும். மரப்படகுக்குச் சூடு ஆகாது, பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டுவிடும். காற்றே புகாமல் இறுக மூடுவதும் ஆகாது, உள்ளிருக்கும் ஈரத்துக்குப் போக வழியிருக்காது. அதற்கு வேண்டியது குளிர்ந்த, நடமாடுகிற காற்று. வைக்கோல் கொட்டகையின் சுவர்ப் பலகைகளுக்கு நடுவே விரல் போகும். மழை உள்ளே வராது, காற்று வரும். அரண்மனை மாதிரி இடம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் மறுபடி சொன்னான்.

"வேண்டாம் ரைலி."

அவளுக்குச் சலிப்பு வந்தது. எரிச்சல்படவும் தெம்பில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் போகவும் மனமில்லை. ஏணியை இழுத்துப் போட்டு, குனிந்து படகுக்குள் ஏறினாள்.

பின்பாதித் தார்ப்பாயைத் தடவினாள். காய்ந்திருந்தது. முன்பாதி சொதசொதவென்று இருந்தது. முனைக்குப் போகப் போக இன்னும் மோசம்.

அப்படியானால் ஈரம் மேலிருந்து வரவில்லை. இந்த இடத்துக்கு நேர் கீழேயிருந்து கிளம்புகிறது.

அந்த நனைந்த இடத்துக்கு நேர் கீழே போய், மேலே பார்த்தபடி அவள் மல்லாந்து படுத்தாள். படுக்க முடிந்தது. உட்காரும் குறுக்குப் பலகையை யாரோ கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள்.

காலை நீட்டினாள். அசதியில் ஒரு நீண்ட மூச்சு வந்தது.

அது வெள்ளையாக மேலே போய், அவள் முகத்துக்கு நேர் மேலே தார்ப்பாயைத் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. மிகவும் நனைந்திருந்த இடம் அதுதான்.

ஒரு மனிதன் இரவெல்லாம் விடும் மூச்சில் ஒரு பெரிய கோப்பைத் தண்ணீராவது இருக்கும். குளிர்ந்த பரப்பில் பட்டதும் அது துளியாகிவிடும். அவன் எழுந்து போய் அதிக நேரம் ஆகாவிட்டால், துளிகள் உறைந்தும் இருக்காது.

ரைலி எழுந்திருக்கவில்லை.

"என்ன, தூங்கிட்டியா உள்ள?" வெளியிலிருந்து ஆர்வோ கேட்டான்.

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவன் பூட்ஸ் இரண்டடி பின்வாங்குவது கேட்டது.

அவள் இறங்கி வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

"தார்ப்பாய் நல்லாத்தான் இருக்கு."

அவன் தலையசைத்தான். காது மடல்கள் சிவந்திருந்தன.

சங்கத்தில் படகு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முறை வைத்து இரவுக் காவல் இருக்க வேண்டும். வாசலை ஒட்டிய காவல் குடிலில் கட்டில் உண்டு, விறகடுப்பு உண்டு, காபிப் பாத்திரம் உண்டு. ஆனாலும் குளிர்கால முறை என்றதும் எல்லோருக்கும் எங்கிருந்தோ முதுகுவலி வந்துவிடும்.

"காவலுக்கு ஆளே சிக்க மாட்டேங்குது," என்றாள் ரைலி. "எல்லாரோட முறையையும் நீயே பாத்துக்கறியா? எனக்கு ஒரு தொல்ல விட்டுச்சு."

ஆர்வோ அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லா ராத்திரியுமா?"

"எல்லா ராத்திரியும். பகல்லயும் அடுப்பு அணையக்கூடாது. குடில் ஈரம் தட்டிரும்."

மதியம் டிரெய்லர் வந்தது. படகு வைக்கோல் கொட்டகைக்குப் போனது. ஆர்வோ காவல் குடிலுக்குப் போனான்.