மிச்சத் துணி

“ஃப்ரொக் நல்ல வடிவு. மிச்சத் துணி எங்கை, பிள்ளை?”

ஐரிஸ் கேட்டதும் நிஷானியின் கையில் கத்தரிக்கோல் நின்றது.

ஐரிஸின் மகள் அனுஜாவின் கலியாண ஃப்ரொக், மின்விசிறிக் காற்றில் மெல்ல அசைந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லாமலே நடந்து போய்விடும் போலிருந்தது. மருதனார்மடம் சந்தியின் பஸ் இரைச்சல்கூட அந்த மாடி அறைக்குள் வரும்போது தாலாட்டாகிவிடுகிறது.

கொழும்பில் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு வந்து நிஷானி தனியாளாகத் தொடங்கிய கடை. இன்றைக்குக் கனடாவில் இருக்கிற மணப்பெண்கூட அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இவளுக்காகக் காத்திருக்கிறாள். அப்படிப்பட்ட கைராசி. ஆனாலும் ஊருக்குள் ஒரு குறை: நிஷானியிடம் துணி கொடுத்தால் மிச்சம் திரும்பி வராது.

“பெரிசா ஒண்டும் மிஞ்சேல்லை, அன்ரி. துண்டு துணுக்குத்தான்.”

“துண்டெண்டாலும் பரவாயில்லை, தாரும். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை தைக்க வேணும்.”

தாயின் கலியாணத் துணியில் மிஞ்சியதில்தான் பிள்ளையின் ஞானஸ்நானச் சட்டை. அது ஐரிஸ் வீட்டு வழக்கம். போதாததற்கு இது மகன் கெல்வின் லண்டனில் கடை கடையாக ஏறி இறங்கி அனுப்பிய வெள்ளைத் துணி, ஓரத்தில் பூப்பின்னல் ரேந்தையோடு.

அதைவிட, அந்தக் கனவு.

கலியாணம் பேசி முடித்த நாள் தொடக்கம் வருகிறது. எங்கும் வெள்ளை வெளிச்சம். நடுவில் ஒரு கைக்குழந்தை, உடம்பில் ஒன்றுமில்லாமல், சட்டை போட்டுவிடச் சொல்லிக் கேட்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கிடக்கும். முகம் மட்டும் தெரியாது. வரப்போகிற பேரப்பிள்ளைதான் என்று ஐரிஸ் முடிவே கட்டிவிட்டார். கண்டவர் எல்லோரிடமும் சொன்னார். நிஷானியிடமும் சொன்னார். கலியாணத்துக்கு முதலே பேரப்பிள்ளையா என்று எல்லோரும் சிரித்தார்கள். கணவர் நதானியேல் மட்டும் சிரிக்காமல் எழுந்து வளவுப் பக்கம் போய்விட்டார்.

“தேடிப் பார்த்துப்போட்டுப் பிறகு தாறன், அன்ரி.”

பிறகு என்ற சொல் ஐரிஸுக்குப் பிடிக்காது. மேசை லாச்சியைத் தானே இழுத்துத் திறந்தார்.

உள்ளே வெள்ளைவெளேரென்று சின்னஞ்சிறு சட்டைகள். மேலே கிடந்த சட்டையின் கழுத்தில் கெல்வின் அனுப்பிய அதே ரேந்தை.

கோபம் வந்தால் ஐரிஸின் பேச்சில் மரியாதை கூடிவிடும். “ஓ... எங்கடை துணியிலை சட்டை தைச்சு விக்கிறீங்களோ, நிஷானி?”

“விக்கிறேல்லை, அன்ரி.”

“அப்ப பொம்மைக்கோ?” அவர் அதைக் கையில் விரித்தார். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. “இது ஒரு பிள்ளைக்கும் அளவில்லையே! ஊர் சொல்லுறது சரிதான். இவ்வளவு பேர் எடுத்த உங்களுக்கு ஏன் இந்தக் களவு?”

நிஷானியின் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து யசிந்தா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரித் தாதி. சீருடையைக்கூட மாற்றவில்லை. வந்த அவசரத்தில் ஐரிஸையும் கவனிக்கவில்லை.

“அக்கா, ஒண்டு வேணும். ஆறாம் மாசம். பொம்பிளைப்பிள்ளை. உயிரில்லாமல்தான் பிறந்தது. ஒருக்கா என்ரை மடியிலை தாங்கோ எண்டு தாய் அழுறா. வெறும் துவாயிலை சுத்திக் குடுக்க எனக்கு மனம் வருதில்லை.”

ஐரிஸ் கையிலிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார்.

“இதுக்கோ, பிள்ளை?” ஐரிஸின் குரல் அடங்கிவிட்டது.

“ஓம் அன்ரி,” என்றாள் நிஷானி. “உவ்வளவு சின்னச் சட்டை ஒரு கடையிலையும் வராது.”

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே.”

“கலியாணத் துணியெல்லோ, அன்ரி. கேட்டால் ஆர் தருவினம்? கேளாமல் எடுத்தது பிழைதான்.”

உண்மை. கேட்டிருந்தால் ஐரிஸ் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு, துணியையும் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

நிஷானி அவர் கையிலிருந்த சட்டையைக் கேட்கவில்லை. லாச்சிக்குள் தேடி, வேறு துணியில் தைத்த ஒன்றை எடுத்து யசிந்தாவிடம் நீட்டினாள்.

“அதை வையும்,” என்றார் ஐரிஸ்.

ரேந்தைச் சட்டையை மேசையில் வைத்துச் சுருக்கம் போக விரலால் தடவினார். கழுத்தின் நாடாவை ஒருமுறை கட்டிப் பார்த்தார், பிறகு அவிழ்த்தார். விட மனமில்லாதவர்போல நின்றுவிட்டு, யசிந்தாவின் கையில் வைத்தார்.

“இதைப் போட்டுவிடும், மகள். கையை மெல்லமாப் பிடிச்சு நுழைச்சுவிடும்.”

யசிந்தா இறங்கிப் போனாள்.

“அப்ப பேரப்பிள்ளைக்கு, அன்ரி?” நிஷானி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

ஐரிஸ் காற்றில் அசைகிற ஃப்ரொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை.

“தொண்ணூற்றைந்திலை சண்டைக்கு இடம்பெயர்ந்து சாவகச்சேரியிலை கிடக்கேக்கை, எங்கடை மூத்தவளும் இப்பிடித்தான் பிறந்தவள். சுத்துறதுக்கு ஒரு துணியில்லாமல் இவர் தான் உடுத்திருந்த சாரத்தைக் கிழிச்சுச் சுத்திக்கொண்டு போனவர். எனக்கு முகத்தைக்கூடக் காட்டேல்லை... கனவிலை சட்டை கேட்டு வாறது அவளெல்லோ, பிள்ளை. நான் பேரப்பிள்ளை எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்.”