ஏலத்துக்கு வந்த பந்து

"அண்ணை, இது கள்ளக் கையெழுத்து."

ரதீசன் சொன்னதும் மாதா கோயில் மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கோயில் கூரை திருத்தக் காசு சேர்க்க அன்றைக்கு ஏலம். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்கள். பத்திநாதர் கொண்டுவந்தது ஒரு பழைய பேஸ்போல் பந்து. மொன்றியலுக்கு வந்த புதிதில் அவர் ஸ்ரேடியத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். அங்கே வந்திருந்த அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒருவர் தன் கையாலே பேர் எழுதிக் கொடுத்த பந்து என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தவர்.

ரதீசனுக்குக் கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை. பழைய பேஸ்போல் சாமான்கள் சேர்ப்பதில் பைத்தியம். அசலா போலியா என்று அறிய வெள்ளைக்காரர்கூட அவனைத் தேடி வருவார்கள். அதனால்தான் பாதர் அவனைக் கூப்பிட்டிருந்தார்.

"வடிவாப் பாத்தனீரோ?" பாதர் மெல்லக் கேட்டார்.

"பந்து பழசுதான் பாதர். கையெழுத்துத்தான் பிழை. மை புதுசு. ஆட்டக்காரர் எண்டால் ஒரே இழுவையிலை போட்டிட்டுப் போயிடுவினம். இது நிண்டு நிண்டு, பாத்துப் பாத்து எழுதினது. நீங்களே பாருங்கோ அண்ணை."

பூதக்கண்ணாடியை நீட்டினான். ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது அவனுக்குத் தோன்றவில்லை.

பத்திநாதர் வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பந்தைக் கோட் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

"ஓம் தம்பி. நீர் சொல்லுறது சரி. எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"இவ்வளவு காலமும் இந்தப் புளுகையோ கேட்டுக்கொண்டிருந்தனாங்கள்?" என்றார் பின்வரிசையிலிருந்த சிவநேசம். சிலர் சிரித்தார்கள். பத்திநாதர் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

அதற்குப் பிறகு அவர் பூசைக்கு வரவேயில்லை. பாடகர் குழுவில் அவர் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. பிடிபட்ட வெட்கம் என்று கதைத்தார்கள். ரதீசனும் அப்படித்தான் நினைத்தான்.

உயிர்த்த ஞாயிறும் அவரில்லாமல் போனது. அன்றைக்குப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றபோது ரதீசனுக்கு ஏதோ உறுத்தியது. சொன்னது சரி, சொன்ன இடம் சரியில்லை. அதற்காவது மன்னிப்புக் கேட்கலாமென்று அடுத்த சனிக்கிழமை வில்லரேயில் இருந்த அவர் வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி இமெல்டா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. ஏலத்தன்றும் வேலைக்குப் போயிருந்தவர்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. அவர் பால் வாங்கப் போயிட்டார், இப்ப வந்திடுவார்."

"கோயில் பக்கம் காணேல்லை அக்கா?"

"இங்கை பக்கத்துப் பிரெஞ்சுக் கோயிலுக்குத்தான் போறம். எனக்கெண்டால் ஒரு சொல்லும் விளங்காது. எங்கடை கோயிலுக்குப் போவம் எண்டால், அங்கை கார் விட இடமில்லை எண்டுறார். எங்கடை ஆக்கள் ஆரும் போன் எடுத்தாலும் என்னட்டைத் தாறேல்லை, தானே கதைச்சு வைச்சிடுறார். என்ன கோவமெண்டு தெரியேல்லை."

ரதீசன் குனிந்துகொண்டான்.

"நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. இதைப் பற்றித் தெரிஞ்ச ஆள்தானே." கண்ணாடி அலுமாரியைத் திறந்து அந்தப் பந்தை எடுத்து அவன் கையில் வைத்தார் இமெல்டா. "ஏலத்துக்கெண்டு கொண்டு போனவர், குடுக்க மனம் வரேல்லை எண்டு திருப்பிக் கொண்டு வந்திட்டார். ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ, வடிவாயிருக்கோ?"

ரதீசன் அதை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். சாய்த்துப் பிடித்தான்.

கறுப்பு மைக்கு அடியில் இன்னொரு கோடு தெரிந்தது. வெளிறி மங்கிய நீலம். தயக்கமே இல்லாமல் ஒரே இழுவையில் ஓடியிருந்தது. மண்டபத்தில் மேல் மையைக் கண்டதுமே அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான், அதற்கு அடியில் பார்க்கவில்லை.

"இதிலை ஆரோ..." அந்தக் கோட்டில் விரலை வைத்தான்.

இமெல்டா கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களோ? நான்தான் தம்பி. கோயிலுக்குக் குடுக்கிற சாமான், பேர் மங்கிப்போய் ஒண்டும் தெரியேல்லை. அப்பிடிக் குடுக்கலாமோ? அவர் வெளியிலை போன நேரம் பாத்து, அந்தக் கோட்டிலையே பிசகாமல் எழுதிவிட்டனான். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அவருக்கு இண்டைக்கும் தெரியாது."

"அக்கா, அண்டைக்கு மண்டபத்திலை நான்..." என்று ரதீசன் தொடங்கினான்.

இமெல்டாவுக்குப் பின்னால், வாசலில் பால் பையோடு வந்து நின்ற பத்திநாதர், சொல்லாதே என்று அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.