விஷம் போடாத குழி

"ஏன்டி, விஷம் போடாத குழியிலயும் விஷத்தை ஊத்தி வெச்சிருக்கியே, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. கத்தியவளுக்கு அங்கே பட்டாசு என்று பெயர். திட்டு வாங்கிய தோழி நெட்டைக்கு இது புதிதல்ல. ஆனாலும் இன்று கொஞ்சம் அதிகம்தான்.

மூன்று பேரின் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் ரோஜா நிறத் திரவத்தில் விட்டிருந்தார்கள். கிருமியின் விஷம் பட்டால் போதும், அந்த அணுக்கள் சண்டைக்குக் கிளம்பிவிடும். சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்று அமிலத்தைக் கக்கும், திரவம் மஞ்சளாகும். விஷம் போடாத குழி ரோஜாவாகவே இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுடையது மட்டும் மஞ்சளாகிக் கிடந்தது. எது யார் ரத்தம் என்பது எண் ஒட்டிய நெட்டைக்குத்தான் தெரியும். முடிவைப் பார்க்கிறவளுக்குத் தெரியக்கூடாது என்பது அங்கே சட்டம்.

"நான் ஊத்தலடி, சத்தியமா."

"அப்ப அதுவா நடந்து போய் விழுந்துச்சா? நாளைக்குப் பெரியவர் கேட்டா என்ன சொல்றது? ரெண்டு வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும். உன்னை இந்த வேலையிலேருந்தே தூக்கச் சொல்லிடுவேன், பாத்துக்க!"

நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டாசுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏசியை யார் இப்படி வைத்தது என்று வேறு எரிந்து விழுந்தாள். மீதியிருந்த ரத்தத்தை எடுத்து, யாரையும் தொடவிடாமல் தானே மறுபடி செய்தாள்.

மாலைக்குள் மூன்றாவது ஆளின் குழி மறுபடியும் மஞ்சள். நுண்ணோக்கியில் பார்த்தாள். வெளியிலிருந்து ஒரு கிருமியும் விழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தப்பு உன் மேல இல்லடி, மன்னிச்சுடு. இந்த அணுக்கள் இங்க வர்றதுக்கு முன்னாடியே சண்டையில இருந்திருக்கு. அந்த ஆள் ரத்தத்துலயே விஷம் ஏறிட்டிருக்கு!"

"அப்படின்னா..."

"என்ன நொப்படின்னா! உடம்புக்கு முடியாம ரத்தம் குடுக்க வந்த அந்த மடச்சாம்பிராணிக்கு உடனே போன் போடு. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லு. தாமதிச்சா உயிர் தங்காது!"

நெட்டை போனைத் தொடவில்லை. எழுந்து வந்து பட்டாசின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். அனலாய்க் கொதித்தது.

"ஒரு ஆள் வரலைன்னு காலைல நீதானேடி கையை நீட்டின?"