சாய்ந்து உண்ணும் அறை

பழைய ரோமானிய வீடுகளைப் பார்த்துக் கட்டிய குடியிருப்பு அது. ஓர் அறையை அதற்குரிய வேலைக்கு ஒரு மாதம் பயன்படுத்தாவிட்டால், சுவர் நகர்ந்து அது அடுத்த வீட்டோடு சேர்ந்துவிடும்.

சௌந்தரவல்லியின் உணவறைக்கு இன்று கடைசி நாள். சாய்ந்து உண்ண மூன்று மெத்தைக் கட்டில்கள் போட்ட அறை. விருந்தாளி ஒருவராவது அங்கே சாப்பிட வேண்டும். மகள் வரும்போது அந்த அறை இருக்க வேண்டும் என்று நினைத்தாள். பின்பக்கச் சமையலறைக் கதவில் கடைச் சாப்பாடு கொடுக்க வந்த பையன் செல்லதுரையை அப்படியே உள்ளே அழைத்துப்போனாள்.

“படுத்துக்கிட்டு எப்படிம்மா திங்கிறது? சாம்பார் காதுக்குள்ள போயிரும்.”

“ரெண்டு வாய் சாப்பிடு தம்பி. போதும்.”

அவன் சிரித்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டான். அவளும் சிரித்தாள்.

அவன் போனதும் வீடு பேசியது. “உணவறை உங்களுக்கே. ஆனால் விருந்தாளிகளை வரவேற்கும் முன்கூடத்தில் இந்த மாதம் யாரும் கால் வைக்கவில்லை. அதை எடுத்துக்கொள்கிறோம்.”

அவள் போய்ப் பார்த்தபோது கூடமும் வாசற்கதவும் இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர் நின்றது.

மகளைத் தொலைபேசியில் அழைத்தாள். “வரும்போது பின்பக்கமா வாம்மா.”

“வர்றேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?” என்றாள் மகள்.